மூக்கு அறிந்ததற்குச் சாட்சி எங்கே?

அன்பான ஊழியப் பங்காளர்களே,

"இரத்தத்தைச் சோதித்தால் எந்த விஷம் என்று உடனே தெரிந்துவிடாதா? ஏன் வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறீர்கள்?" என்று உங்களில் சிலர் கடிதம் மூலமாய்க் கேட்டிருந்தீர்கள். இதே கேள்வியை வேப்பம்பட்டைச் சேர்ந்த ஒரு சகோதரியும் எங்களிடம் கேட்டார். அவருக்கு நாங்கள் முதலில் சொன்ன பதில் தவறானது. ஆகவே அந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறோம்.

அவருடைய கணவருக்கு முப்பது வயதிருக்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கரைப்பான்களைக் கலக்கும் பிரிவில் வேலை. தலைவலி, கிறுகிறுப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்று, வாரவிடுமுறை நாளன்று எங்கள் வெளிநோயாளர் பகுதிக்கு வந்தார். "முதல் வாரம் நாத்தம் தாங்க முடியலைங்க ஐயா. இப்ப ஒண்ணும் தெரியலை, பழகிப்போச்சு" என்றார். என்ன பொருள் என்று டாக்டர் கேட்டதற்கு, "நீல டிரம்முங்க, லேபிள் இருக்காது" என்றார். அருகில் நின்ற மனைவி, "இவர் சட்டையைத் துவைக்கும்போது எனக்கே தலை சுத்துதுங்க. ரத்தத்துல பார்த்தா என்ன மருந்துன்னு தெரியாதாங்க?" என்று கேட்டார்.

இரத்தம் எடுத்து வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். சில நாட்களில் முடிவு வந்தது. குறிப்பிடத்தக்க அளவில் எதுவும் காணப்படவில்லை என்று எழுதியிருந்தது. நாங்கள் மனநிறைவோடு, "ஒன்றும் இல்லையாம் அம்மா, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அன்று மாலை டாக்டர் எங்களை அழைத்து, "ஐயா, ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். நாம் பார்த்த நேரத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள, ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிய வேண்டியதாயிற்று. அறிந்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

மூக்கின் மூன்று குறைகள்

பெட்ரோல், தின்னர், சாராயம், பூண்டு, வேப்பம்பூ இவை எல்லாவற்றின் வாசனையும் ஒரே காரணத்தால்தான் நம்மை வந்தடைகிறது. அவற்றிலுள்ள சில பொருட்கள் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன. இவற்றை ஆவியாகும் சேர்மங்கள் என்கிறார்கள். இவற்றை அறிவதற்கு நமக்குக் கொடுக்கப்பட்ட முதல் கருவி மூக்கு. அது அருமையான கருவி என்பதில் சந்தேகமில்லை. 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களை எழுப்பி வீட்டைவிட்டு ஓடச்செய்தது அவர்களுடைய மூக்கும் எரிந்த கண்களுமே.

ஆனாலும் மூக்குக்கு மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, அது களைத்துப்போகும். அழுகிய முட்டை வாசனையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைக் கொஞ்சமாக இருக்கும்போதே கண்டுகொள்வோம். அதே வாயு பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மோப்ப உணர்வு மரத்துப்போகிறது. வாசனை போய்விட்டது என்று நினைத்துக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவர் பிழைப்பதில்லை. எங்கள் சகோதரர் "பழகிப்போச்சு" என்றதும் இத்தகையதே. பழகியது மூக்குதான், ஈரலும் நரம்பும் பழகவில்லை.

இரண்டாவது, நெருங்கிய உறவுள்ள பொருட்களைப் பிரித்தறிய அதற்குத் தெரியாது. தொலுயீன், பென்சீன் இரண்டும் ஏறக்குறைய ஒரேவிதமான இனிப்பு வாடை உள்ளவை. தொலுயீன் தலைவலியும் மயக்கமும் தரும். பென்சீனோ நாளடைவில் இரத்தப் புற்றுநோயையே உண்டாக்க வல்லது. அப்படியே, குடிக்கும் சாராயத்தில் இருக்கும் எத்தனாலையும் ஆலைகளில் பயன்படும் மெத்தனாலையும் முகர்ந்து பார்த்துப் பிரிக்க இயலாது.

மூன்றாவது, மூக்கு எழுத்தில் எதையும் கொடுப்பதில்லை. "நாற்றம் அடிக்கிறது" என்று ஏழை சொன்னால், "உனக்கு அப்படித் தோன்றுகிறது" என்று பதில் வந்துவிடும். அவனுடைய சாட்சியை உறுதிப்படுத்த இரண்டாவது சாட்சி வேண்டியிருக்கிறது.

முதல் கருவி: கேஸ் குரோமட்டோகிராஃபி

தமிழில் இதை வாயு வண்ணப்பிரிகை என்பர். 1903-ம் ஆண்டளவில் ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட் இலைகளின் நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியதால் வண்ணம் என்ற சொல் ஒட்டிக்கொண்டது. வாயு முறையை 1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இருவர் வெளியிட்டார்கள். அதற்கு முந்திய பிரிகை ஆராய்ச்சிக்காக மார்ட்டினுக்கு அதே ஆண்டில் நோபல் பரிசும் கிடைத்தது.

கருவியின் உள்ளே ஒரு மெல்லிய குழாய் உண்டு. உள்விட்டம் கால் மில்லிமீட்டர். நீளமோ சாதாரணமாக 30 மீட்டர். கம்பிச் சுருளைப்போல் அதைச் சுற்றி ஓர் அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். குழாயின் உட்சுவரில் எண்ணெய்ப் பசைபோன்ற ஒரு பூச்சு இருக்கும். ஒரு முனையில் மாதிரியின் ஆவியைச் செலுத்தி, ஹீலியம் அல்லது நைட்ரஜன் வாயுவால் மெதுவாகத் தள்ளுவார்கள்.

திருவள்ளூரில் ரயிலைவிட்டு இறங்கும் கூட்டம் கடைத்தெரு வழியாகப் போவதை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒன்றாய்த்தான் இறங்குகிறார்கள். பூக்கடையில் நிற்பவர், காய்கறிக்கு விலை பேசுபவர், எங்கும் நில்லாமல் போகிறவர் என்று வழியில் பிரிகிறார்கள். தெருமுனையில் நின்று பார்த்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேருவார்கள். அப்படியே, பூச்சில் ஒட்டிக்கொள்ளும் ஆசை குறைந்த சேர்மம் முதலிலும், ஆசை மிகுந்தது கடைசியிலும் வெளிவருகிறது. சாதாரணமாகப் பென்சீன் முன்னே வரும், தொலுயீன் பின்னே வரும். அவரவர் வந்து சேரும் நேரமே அவரவர் அடையாளம்.

இரத்தத்தை அப்படியே இந்தக் குழாய்க்குள் விட முடியாது. அதனால் மூடிய சிறு குப்பியில் இரத்தத்தை வைத்துச் சூடாக்கி, அதன் மேல் சேரும் ஆவியை மட்டும் ஊசியால் எடுக்கிறார்கள். அடுப்பில் ரசம் கொதிக்கும்போது, கரண்டி போடாமலே ஆவியை முகர்ந்து பெருங்காயம் குறைவு என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவது போன்றதே இது.

இந்த முறை நம் தேசத்துக் காற்று விதிகளிலும் இடம்பெற்றது. 2009 நவம்பரில் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்த காற்றுத்தர அளவீடுகளில், பென்சீனின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று குறித்து, அதை அளக்கும் முறையாக கேஸ் குரோமட்டோகிராஃபியையே எழுதியிருந்தார்கள்.

இரண்டாம் கருவி: அயனி நகர்வு அளவி

கடைத்தெரு முனைக்கு இரண்டுபேர் ஒரே நிமிடத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது? யார் எவர் என்பதைச் சொல்ல மற்றொரு சோதனை வேண்டும். அதற்காக இணைக்கப்படும் கருவிகளில் ஒன்று அயான் மொபிலிட்டி ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் அயனி நகர்வு அளவி. 1970-ல் கோஹன், காரசெக் என்பவர்கள் இதன் தொடக்க வடிவத்தை அறிமுகம் செய்தார்கள்.

குழாயிலிருந்து வெளிவரும் சேர்மத்துக்கு இங்கே மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். மின்னூட்டம் பெற்ற துகளே அயனி. ஒரு மின்புலம் அயனிகளை முன்னே இழுக்கிறது; சுத்தமான வாயு ஒன்று எதிரே வீசிக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழைக்காற்றில் எதிர்த்து நடக்கிற இருவரில், குடையை மடக்கிக்கொண்டவர் விரைந்து போவார். விரித்துப் பிடித்தவர் தள்ளாடிப் பின்தங்குவார். அப்படியே உருவில் சிறிய, திரண்ட அயனி முந்தும். பரந்த உருவமுள்ளது பிந்தும். இந்தப் பந்தயம் விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நேரங்கள் கிடைத்துவிட்டன: குழாயைக் கடந்த நேரம், காற்றை எதிர்த்த நேரம். இரண்டையும் வரைபடமாக்கினால் ஒவ்வொரு பொருளும் தனித்தனிப் புள்ளியாகத் தெரிகிறது. ஒரு நேரத்தில் ஒத்துப்போன இரண்டு பொருட்கள் மற்றதிலும் ஒத்துப்போவது அரிது. நூறு கோடியில் ஒரு பங்கு அளவுவரைகூட இக்கருவி உணரும். 32 வருடங்களில் ஒரு விநாடி என்றால் எவ்வளவோ, அவ்வளவே அது.

இதற்கு வெற்றிடம் உண்டாக்கும் பெரிய பம்பு தேவையில்லை. சாதாரணக் காற்றழுத்தத்திலேயே வேலை செய்யும். ஆகையால் சிறியதாக அமைக்க முடிகிறது. விமான நிலையத்தில் கைப்பையைச் சிறு துணியால் துடைத்து ஒரு பெட்டிக்குள் வைத்து வெடிமருந்து உண்டா என்று பார்க்கிறார்களே, அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த முறையில் அமைந்தவையே. இரண்டையும் இணைத்த கருவியை 2001-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே அனுப்பி, அங்கே குடியிருப்போர் சுவாசிக்கும் காற்றைச் சோதித்தார்கள். ஜன்னலைத் திறக்க முடியாத வீட்டில் அது எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் மாகாணத்தில் கண்ட இரண்டு பாடங்கள்

கடலூர் சிப்காட் வளாகத்தை ஒட்டிய ஈச்சங்காடு, குடிகாடு போன்ற ஊர்களின் ஜனங்கள் பல ஆண்டுகளாக நாற்றத்தைப் பற்றி முறையிட்டு வந்தார்கள். என்ன நாற்றம், எந்த நேரம், காற்று எந்தத் திசை என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கவும் கற்றுக்கொண்டார்கள். பின்பு ஒரு மூடிய பிளாஸ்டிக் வாளியைக் கையாண்டார்கள். வாளிக்குள் ஒரு தனிவகைப் பை இருக்கும். வாளியின் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் நிறையும். அந்தப் பைகளை அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 2004-ல் வெளியான அறிக்கை, அந்த மாதிரிகளில் 22 வேதிப்பொருட்கள் இருந்தன, அவற்றில் 8 புற்றுநோய் விளைவிக்க வல்லவை என்று கூறியது. படிப்பறிவு குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் மூக்கு சொன்னது சரி என்று காகிதத்தில் வந்தது.

இரண்டாவது பாடம் துக்கமானது. 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் விஷச் சாராயத்தால் மாண்டார்கள். அது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று தடயவியல் ஆய்வுக்குப்பின் காவல்துறை அறிவித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மறுபடியும் மெத்தனால். அறுபதுக்கும் மேற்பட்ட மரணங்கள்.

மெத்தனால் 64.7 பாகை செல்சியஸிலும் எத்தனால் 78.4 பாகையிலும் கொதிப்பவை. மெத்தனால், எத்தனால் இரண்டையும் குரோமட்டோகிராஃபியால் தெளிவாய்ப் பிரிக்கலாம். இரத்தத்தில் மெத்தனாலை அளக்க உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறையும் இதுவே. ஆனால் கவனியுங்கள்: மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மால்டிஹைடாகவும், பின்பு ஃபார்மிக் அமிலமாகவும் மாறியே கண் நரம்பையும் உயிரையும் தாக்குகிறது. இதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். குடித்தவர் அதுவரை, "எனக்கு ஒன்றுமில்லை" என்று உறங்கிக்கொண்டிருப்பார். ஆகவே கருவியின் முடிவுக்காக எந்த டாக்டரும் காத்திருப்பதில்லை. இரத்தத்தில் அமிலம் ஏறியிருப்பதைக் கண்டதும், மெத்தனால் விஷமாய் மாறுவதைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கி, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்கிறார்கள். கருவி பிற்பாடு வந்து சாட்சி சொல்லும். உயிரைக் காப்பது முந்திக்கொள்ளும் கைகளே.

கருவியின் எல்லை

இனி டாக்டர் எங்களைத் திருத்தியதன் பொருளுக்கு வருகிறோம். சுவாசத்தோடு உள்ளே வரும் கரைப்பான்களில் ஒரு பங்கு சுவாசத்தோடே வெளியே போய்விடுகிறது. இரத்தத்தில் அவற்றின் அளவு சில மணி நேரத்துக்குள்ளேயே பெரிதும் குறைந்துவிடும். எங்கள் சகோதரர் வந்ததோ விடுமுறை நாளில். குற்றவாளி ஊரைவிட்டுப் போனபின் வீட்டைச் சோதித்தோம். வீடு காலியாக இருந்தது. அதைக் கண்டு குற்றமே நடக்கவில்லை என்றோம். அந்தக் காகிதத்தை அவருடைய மேற்பார்வையாளர் பார்த்து, "பார்த்தாயா, உன் உடம்பில் ஒன்றுமில்லை" என்று சிரித்ததாகப் பின்பு கேள்விப்பட்டபோது எங்களுக்கு வெட்கமாயிருந்தது.

வேறு எல்லைகளும் உண்டு. கருவி பெயரைச் சொல்லாது. நேரத்தை மட்டுமே சொல்லும். தெரிந்த பொருளை அதே கருவியில் ஓட்டி ஒப்பிட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். எதைத் தேடவேண்டும் என்று ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லாவிட்டால், தேடாதது கிடைக்காது. அயனி நகர்வு அளவி ஈரப்பதத்தால் குழம்பும். அளவு மிகுந்தால் நிரம்பிப்போய்ச் சரியாக எண்ணாது. ஊசி போடுமுன் தோலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டால் சாராயச் சோதனையே கெட்டுவிடும்.

சுவாசத்தைக் கொண்டே நோயறிய முடியும் என்ற நம்பிக்கையும் வளர்ந்துவருகிறது. நீரிழிவு முற்றியவரின் மூச்சில் பழவாடை வீசுவதை டாக்டர்கள் வெகுகாலமாய் அறிவார்கள், அது அசிட்டோன். லைனஸ் பாலிங் 1971-ல் மனித மூச்சில் ஏறக்குறைய 250 பொருட்களைக் கண்டதாய் வெளியிட்டார். கொரோனா காலத்தில், 2020-ல், எடின்பரோவிலும் ஜெர்மனியின் டார்ட்மண்டிலும் 98 பேரின் மூச்சை இந்த இணைப்புக் கருவியால் சோதித்தார்கள். ஊக்கம் தரும் ஆரம்பம்தான். ஆனால் மூச்சை ஊதினால் எல்லா நோயும் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதிருங்கள்.

பின்பு நடந்தது

நாங்கள் வேப்பம்பட்டிலுள்ள அவர் வீட்டுக்கே போய், "அம்மா, நாங்கள் சொன்னது தவறு" என்றோம். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "பெரியவங்க நீங்க, அதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க" என்று மோர் கொடுத்தார். அடுத்தமுறை சகோதரர் ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்தார். டிரம்மில் பாதி கிழிந்திருந்த பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுவந்தார். இம்முறை தொலுயீன் என்று முடிவு வந்தது. டாக்டர் கடிதம் எழுதினார். அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். தலைவலி குறைந்தது. ஆனால் அந்த டிரம்மின் பக்கத்தில் இப்போது வேறொரு வாலிபன் நிற்கிறான் என்று அவரே சொன்னார். இந்தக் காரியம் எங்களுக்கு இன்னும் முடியவில்லை.

எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்தில் இந்தக் கருவிகள் இல்லை. ஆனால் கருவிக்கு முன்னால் செய்யவேண்டியவற்றில் பல நம் கையிலேயே இருக்கின்றன. தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் உங்கள் சபையிலோ தெருவிலோ இருந்தால் தயவுசெய்து இவற்றைச் சொல்லுங்கள்:

1. வேலையிடத்தில் உடம்புக்கு முடியாமல்போனால் விடுமுறைக்காகக் காத்திராமல், ஷிஃப்ட் முடிந்தவுடன் மருத்துவமனைக்கு வரவேண்டும். வந்த நேரத்தையும் வேலைவிட்ட நேரத்தையும் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

2. டிரம், கேன் மேலுள்ள பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளவேண்டும். தாங்கள் கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது, போபால் துயரத்துக்குப்பின் 1987-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட கடமை. கேட்பது குற்றமல்ல.

3. நாற்றம் அடித்த நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை நோட்டில் குறிக்கவேண்டும். பத்துப்பேர் எழுதியது பொருந்தினால் அது பலமான சாட்சி.

4. நாற்றம் திடீரென்று மறைந்தால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணாமல் வெளியேறவேண்டும். தொட்டிக்குள் விழுந்தவரைக் காப்பாற்றப் பாதுகாப்பின்றி இறங்கக்கூடாது.

5. சந்தேகமான சாராயம் குடித்தவர் நன்றாயிருப்பதாய்ச் சொன்னாலும், பார்வை மங்கும்வரை காத்திராமல் உடனே 108-ஐ அழைக்கவேண்டும். மீதமிருந்தால் அந்தப் பாட்டிலையும் இறுக மூடிக் கொண்டுவரவேண்டும். கூடக் குடித்தவர்கள் யார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

மனிதனுக்குச் சுவாசத்தைக் கொடுத்தவர் அதை விலையின்றிக் கொடுத்தார். அந்தச் சுவாசத்தில் எதைக் கலக்கிறோம் என்று கேட்பதும், "மூச்சு முட்டுதுங்க" என்று ஒருவர் சொல்லும்போது காகிதம் வருமுன்பே அவரை நம்புவதும் நம்முடைய கடமை என்று எண்ணுகிறோம். இனி முடிவுகளை வாசித்துக் காட்டும்போது, "இந்த நேரத்தில், இந்தப் பொருள் காணப்படவில்லை" என்று மட்டுமே சொல்வதென்று தீர்மானித்திருக்கிறோம்.

கிறிஸ்துவின் அன்பின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்